கோயிலைக் கட்டினார்கள்... திருச்சபை உடைந்தது!

(“பேராலயங்களை எழுப்பியவர்கள் சமயத்துக்குச் சேர்த்தது பெருமையா? சுமையா?” என்ற தலைப்பில் கிள்ளையில் நடந்த தொலைக்காட்சிப் பட்டிமன்றத்தில், ‘சுமையே’ என்ற அணியில் பேசியது.)



எனக்கு முன்னாலே பேசிய பேராசிரியர் அம்மா அவர்கள் நம்மையெல்லாம் டிக்கெட் இல்லாமலே ரோமாபுரிக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். (சிரிப்பு) சிஸ்டைன் சிற்றாலயத்தின் மேற்கூரையைக் காட்டினார்கள். புனித பேதுரு பேராலயத்தின் குவிமாடத்தைக் காட்டினார்கள். “இதையெல்லாம் எழுப்பிய போப்பாண்டவர்கள் சமயத்துக்குச் சேர்த்தது பெருமையே தவிர வேறென்ன?” என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார்கள். நீங்களும் கை தட்டினீங்க. நானும் தட்டினேன். அழகைச் சொன்னா தட்டத்தானே வேணும்?

ஆனா அம்மா, நீங்க எங்களைக் கூட்டிக்கிட்டுப் போனது மண்டபத்துக்கு. கணக்கு எழுதுற அறைக்குக் கூட்டிக்கிட்டுப் போகலையே! (கைதட்டல்) அந்த அறைக்கு நான் கூட்டிப் போகிறேன்.

அதுக்கு முன்னாலே ஒண்ணு. “கிள்ளையிலே உட்கார்ந்துகொண்டு ரோமாபுரியைப் பற்றி என்ன பேச்சு?” என்று யாராவது நினைக்கலாம். வெள்ளாற்றைத் தாண்டினா என்ன ஊர்? பரங்கிப்பேட்டை. பரங்கியர் வந்த பேட்டை. போர்த்துக்கீசியர் அதுக்கு வைத்த பெயர் போர்ட்டோ நோவோ, புதிய துறைமுகம். அந்தப் போர்த்துக்கீசியருக்குக் கடல்வழி உரிமையைப் பட்டயமாக எழுதிக் கொடுத்தது யார்? 1455இல் போப்பாண்டவர் ஐந்தாம் நிக்கோலாஸ். ரோமிலே போட்ட கையெழுத்து நம்ம வெள்ளாற்றங்கரை வரைக்கும் வந்திருக்கு. அதனாலே பேச நமக்கும் உரிமை இருக்கு.

நடுவர் அவர்களே, எதிரணிக்காக அந்த ஐந்தாம் நிக்கோலாசே வந்து வாதாடுவார். அவருடைய வாதத்தை நான் மறைக்க விரும்பலை. போப்பாண்டவர்கள் ஏறக்குறைய எழுபது வருஷம் பிரான்சு நாட்டு அவிஞ்ஞோன் நகரத்திலே இருந்தாங்க. 1377இல் ரோமுக்குத் திரும்பினாங்க. அடுத்த வருஷமே சண்டை. ஒரே நேரத்திலே இரண்டு போப், பிறகு மூன்று போப் என்று 1417 வரைக்கும் இழுபறி. ரோமாபுரி பாழ்பட்டுக் கிடந்தது. தேவாலயங்களுக்குக் கூரை இல்லை. இந்த நிலையிலே 1447இல் பதவிக்கு வந்தவர் நிக்கோலாஸ். புத்தகப் பிரியர். இன்றைக்கு உலகமே கொண்டாடுகிற வத்திக்கான் நூலகத்துக்கு அடித்தளம் போட்டவர் அவர்தான். அவர் சாகும் தறுவாயிலே கர்தினால்களை அழைத்துச் சொன்னாராம்: படித்தவனுக்கு நூல் போதும், படிக்காத ஏழை சனங்களுக்குக் கண்ணாலே பார்க்க ஒரு பெரிய ஆலயம் இருந்தாத்தான் விசுவாசம் நிலைக்கும் என்கிற கருத்திலே.

நல்ல வாதம்! நம்ம ஊர்ப் பாட்டியும் அதைத்தானே சொல்லுது, “கோபுர தரிசனம் கோடி புண்ணியம்” என்று. பழைய பேதுரு ஆலயமோ கான்ஸ்டன்டைன் பேரரசர் காலத்திலே கட்டியது. ஆயிரத்து நூறு வயசு. சுவர் சாய்ந்து நின்றது. கட்டத்தான் வேணும். அதிலே எனக்குச் சண்டையே இல்லை.

சண்டை எதிலே தெரியுமா? யார் காசிலே கட்டினாங்க, அதை எப்படி வாங்கினாங்க என்பதிலேதான். (கைதட்டல்)

இப்போ கணக்கு அறைக்கு வாங்க.

1471இல் நான்காம் சிக்ஸ்டஸ். சிஸ்டைன் சிற்றாலயம் இவர் பெயராலேதான். பாலம் கட்டினார், தெருவை அகலப்படுத்தினார். எல்லாம் சரி. கூடவே தன் உறவுக்காரப் பிள்ளைகளை வரிசையாகக் கர்தினால் ஆக்கினார். நம்ம ஊரிலே சொல்வோமே, “பந்தியிலே பரிமாறுகிறவன் நம்மவனா இருந்தா கடைசிப் பந்தியிலேயும் உட்காரலாம்” என்று, அந்தக் கதைதான். (சிரிப்பு) இதே சிக்ஸ்டஸ்தான் 1476இல் ஒரு புதிய வழியைத் திறந்தார். பாவமன்னிப்புச் சீட்டு என்று பள்ளிக்கூடத்திலே படிச்சிருப்பீங்க. சரியாச் சொன்னா அது பாவத்தை மன்னிக்கிற சீட்டு இல்லை. மன்னித்த பாவத்துக்கு மிச்சமிருக்கிற தண்டனையைக் குறைக்கிற சீட்டு. அதுவரைக்கும் அது உயிரோட இருக்கிறவனுக்கு. சிக்ஸ்டஸ் அதை, செத்துப்போய் உத்தரிக்கிற ஸ்தலத்திலே தவிக்கிற ஆன்மாக்களுக்கும் உண்டு என்று நீட்டினார்.

தாய்மார்களே, இதை நீங்கதான் புரிஞ்சுக்க முடியும். “உனக்கு நோய், மருந்து வாங்கிக்கோ” என்றா, “காசு இல்லை, பொறுத்துக்கிறேன்” என்று சொல்லிடுவோம். “உன்னைப் பெத்த அம்மா அங்கே நெருப்பிலே தவிக்குது, நீ இங்கே காசை முடிஞ்சு வச்சிருக்கியே” என்றா? தாலியைக் கழற்றிக் கொடுக்க மாட்டோமா? அங்கேதான் கை வைத்தாங்க!

1503இல் இரண்டாம் ஜூலியஸ். சிக்ஸ்டசின் உறவுப் பிள்ளைகளிலே ஒருவர். கவசம் போட்டுக்கொண்டு படையோடு போன போப்பாண்டவர். ஆனா கலைக்கண் உள்ள மனிதர். ரஃபேலை அழைத்தார். மைக்கேல் ஏஞ்சலோவை அழைத்தார். “நான் சிற்பி அய்யா, எனக்கு ஓவியம் வராது” என்று தயங்கிய மனுஷனை விதானத்துக்குக் கீழே சாரத்திலே ஏற்றிவிட்டார். 1508இலிருந்து 1512 வரைக்கும் அண்ணாந்து அண்ணாந்து வரைந்தார் அவர். படுத்துக்கொண்டு வரைந்தார் என்று சினிமாவிலே காட்டினாங்க. உண்மையிலே நின்றுகொண்டுதான் வரைந்தார். கழுத்து போச்சு, கண் போச்சு. நமக்கு ஓவியம் கிடைத்தது.

இந்த ஜூலியஸ்தான் 1506 ஏப்ரல் 18ஆம் தேதி புதிய பேதுரு ஆலயத்துக்கு அடிக்கல் வைத்தவர். கட்டடக் கலைஞர் பிரமாண்டே. புதுசு கட்டப் பழசை இடித்த வேகத்தைப் பார்த்து, ரோமாபுரி சனங்களே அவருக்கு “இடிக்கிறவர்” என்று பட்டப்பெயர் வைத்தாங்களாம். கட்ட வந்தவருக்கு அந்தப் பெயர்!

அடிக்கல் வைக்கிறது சுலபம். நாமும் நம்ம ஊரிலே எத்தனை அடிக்கல்லைப் பார்த்திருக்கோம், அடிக்கல் அடிக்கல்லாவே நிக்கும். (பலத்த சிரிப்பு) மேலே எழுப்பப் பணம் வேணுமே? ஆலயத்துக்காகச் சீட்டு அறிவிப்பு வந்தது.

1513இல் பத்தாம் லியோ. மெடிசி குடும்பத்துச் செல்லப் பிள்ளை. ஜூலியஸ் சேர்த்து வைத்த கருவூலத்தை விருந்து, ஊர்வலம், போர் என்று கரைத்தார். 1517இல் ஒரே நாளிலே 31 கர்தினால்களை நியமித்தார். அந்தக் காலத்திலே பதவிக்கெல்லாம் விலை உண்டு.

இப்போ ஜெர்மனிக்கு வாங்க. ஆல்பிரெக்ட் என்று ஒரு இளைஞர். ஏற்கெனவே இரண்டு மறைமாவட்டம் அவர் கையிலே. மூன்றாவதாக மைன்ஸ் நகரத்துப் பேராயர் பதவியும் வேணும். சட்டப்படி வயசும் போதாது, ஒருவருக்கு இத்தனை பதவியும் கூடாது. “கூடாததைக் கூடும் ஆக்கக்” கட்டணம் உண்டு. கட்டணத்துக்கு ஃபுக்கர் என்கிற வட்டிக்கடைக் குடும்பத்திடம் கடன். கடனை எப்படி அடைக்கிறது? லியோ வழி சொன்னார். உன் பகுதியிலே பேதுரு ஆலயத்துக்கான சீட்டை விற்றுக்கொள்; பாதி எனக்கு, பாதியிலே உன் கடனை அடைத்துக்கொள்.

நடுவர் அவர்களே, நல்லா கவனிக்கணும். சீட்டு வாங்கின விவசாயிக்கு என்ன சொன்னாங்க? “பேதுருவின் ஆலயத்துக்குக் கொடுக்கிறாய்” என்று. ஆனா பாதிக் காசு போனது வட்டிக்கடைக்கு! உண்டியலோடு ஃபுக்கர் வீட்டுக் கணக்குப்பிள்ளையும் ஊர் ஊராகக் கூடவே போனான். காசில்லாத ஏழை ஜெபத்தாலும் உபவாசத்தாலும் பெறலாம் என்று விதியிலே எழுதித்தான் இருந்தது. ஆனா விற்க வந்த டெட்செல் பாதிரியார் அந்த வரியை உரக்கப் படிக்கலை. ரேஷன் கடைப் பலகையிலே சின்ன எழுத்திலே எழுதி வைக்கிறது மாதிரி! (சிரிப்பு, கைதட்டல்)

இதைப் பார்த்துக் கொதித்தவர் மார்ட்டின் லூதர். அவரும் துறவிதான். 1517 அக்டோபர் 31. 95 வாதங்கள். அதிலே அவர் கேட்டதன் சாரம் இதுதான்: பெரிய பணக்காரராக இருக்கிற போப்பாண்டவர், ஏழை விசுவாசியின் காசை எடுக்காமல் தன் காசிலே இந்த ஆலயத்தைக் கட்டினால் என்ன? இன்னொரு இடத்திலே, தன் ஆடுகளின் தோலையும் சதையையும் கொண்டு கட்டுவதைவிட அந்த ஆலயம் சாம்பலாகப் போகட்டும் என்றுதான் நல்ல மேய்ப்பர் நினைப்பார் என்கிற கருத்தையும் வைத்தார்.

லியோ என்ன செய்தார்? 1521இல் லூதரைத் திருச்சபையிலிருந்து விலக்கினார். அதே வருஷம் கடனோடு கண்ணை மூடினார். அப்புறம் ஜெர்மனியிலே பாதி போச்சு. ஸ்வீடன், டென்மார்க் போச்சு. 1534இல் இங்கிலாந்து வேற காரணத்தாலே போச்சு. அரும்பாடுபட்டு ஒண்ணாயிருந்த மேற்கத்திய திருச்சபை இரண்டாகப் பிளந்தது. பிளவுக்கு இது ஒன்றே காரணம் என்று நான் சொல்லலை. அரசர்களின் ஆசை இருந்தது, அச்சு யந்திரம் இருந்தது, பழைய மனக்குறைகள் இருந்தன. ஆனா தீக்குச்சி எது? ஆலயம் கட்டக் கேட்ட காசு!

ஒரு கூரையை மேலே ஏற்றுவதற்காக, கீழே இருந்த குடும்பத்தை இரண்டாக்கிட்டாங்களே, இது பெருமையா? சுமையா? (பலத்த கைதட்டல்)

“எங்கள் சமயத்தை எப்படிச் சொல்லலாம்?” என்று கிறிஸ்தவச் சகோதரர்கள் வருத்தப்பட வேண்டாம். இதை நான் சொல்லலை, போப்பாண்டவரே சொன்னார். லியோவுக்கு அடுத்து வந்தவர் ஆறாம் ஏட்ரியன். ஹாலந்து நாட்டுக்காரர், சிக்கனமான மனுஷர். 1523இல் ஜெர்மனியிலே கூடிய சபைக்கு அவர் அனுப்பிய ஓலையிலே, தவறு மேலிடத்திலிருந்தே கீழே பரவியது என்று ஒப்புக்கொண்டார். என்ன ஒரு நேர்மை! ஆனா பாவம், அந்த வருஷமே காலமாகிவிட்டார். 1567இல் ஐந்தாம் பயஸ் போப்பாண்டவர், காசு வாங்கிக்கொண்டு அந்தச் சலுகையைக் கொடுக்கிற வழக்கத்தையே ஒழித்தார். அவர்களே சுமை என்று இறக்கி வைத்ததை, நீங்க ஏன் அம்மா பெருமை என்று தூக்கித் தலையிலே வைக்கிறீங்க? (சிரிப்பு, கைதட்டல்)

அம்மா ஒரு கேள்வி கேட்டாங்க: “உடைந்த திருச்சபையைத் தூக்கி நிறுத்தியது அந்தப் பேராலயம்தானே?” இல்லை அம்மா. 1506இல் ஆரம்பித்த ஆலயம் முடிந்து அபிஷேகம் ஆனது 1626இல். 120 வருஷம். ஜூலியசிலிருந்து எட்டாம் அர்பன் வரை 20 போப்பாண்டவர்கள். திருச்சபை நிமிர்ந்தது அதுக்கு முன்னாலேயே. எதனாலே? 1545இலிருந்து 1563 வரைக்கும் டிரெண்ட் நகரத்திலே கூடிய பொதுச்சங்கத்தாலே. அங்கே என்ன முடிவு செய்தாங்க? ஆயர் தன் மறைமாவட்டத்திலேயே தங்கணும். குருவாகப் போகிறவனுக்கு ஒழுங்கான படிப்பு வேணும். இதுக்குப் பளிங்குக்கல் வேணுமா? சாரம் கட்டணுமா? வேண்டியது ஒழுக்கம். அவ்வளவுதான்.

இன்னும் ஒன்று. அந்தக் குவிமாடத்தை வடிவமைத்தவரும் மைக்கேல் ஏஞ்சலோதான். எழுபது வயசுக்கு மேலே அந்த வேலையை ஏற்றார். இறைவனுக்குச் செய்கிற வேலை என்று சம்பளம் வேண்டாம் என்றார். அந்த ஆலயத்திலே பெருமை என்று ஒன்று இருந்தா, அது அந்தக் கிழவனாருடையது. இன்றைக்கு அது 136 மீட்டர் உயரம். நம்ம சிதம்பரம் கோபுரம் மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாலும் கொஞ்சம் குறையும். அந்தக் குவிமாடம் 1590இல்தான் மூடப்பட்டது.

அது மூடப்படாமல் இருந்த காலத்திலே நம்ம நாட்டிலே என்ன நடந்தது? 1542இல் பிரான்சிஸ் சேவியர் வந்தார். முத்துக்குளித்துறைப் பரதவர் குப்பங்களிலே கையிலே ஒரு மணியை ஆட்டிக்கொண்டு பிள்ளைகளைக் கூப்பிட்டு, தமிழிலே செபம் சொல்லிக் கொடுத்தார். 1578இல் அண்டிரிக்கி அடிகளார் கொல்லத்திலே “தம்பிரான் வணக்கம்” அச்சடித்தார். 16 பக்கம். தமிழ் எழுத்திலே இந்திய மண்ணிலே அச்சான முதல் புத்தகம்! அங்கே ஆயிரக்கணக்கான வண்டிக் கல், இங்கே 16 பக்கத் தாள். எது நம்ம சனங்களிடம் சமயத்தைக் கொண்டுவந்து சேர்த்தது?

நம்ம கடலூர் மாவட்டத்துக்கே வாங்க. விருத்தாசலத்துப் பக்கம் கோணான்குப்பம். அதே இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் பதினெட்டாம் நூற்றாண்டிலே அங்கே பெரியநாயகி அன்னைக்குக் கோயில் எடுத்தார். மாதாவுக்கு நம்ம வீட்டுப் பெண் மாதிரி சேலை! தேம்பாவணி பாடினார், 1732இல் சதுரகராதி தந்தார். ரோமாபுரிப் பளிங்கு ஒரு துண்டு வரலை. தமிழ் வந்தது, சனங்க வந்தாங்க. (கைதட்டல்)

எதிரணி நண்பர் கேட்பார்: “அப்போ சிதம்பரம் கோபுரமும் சுமையா?” கேட்கட்டும். ஜூலியசும் லியோவும் ரோமிலே ஆண்ட அதே காலத்திலே இங்கே ஆண்டவர் கிருஷ்ணதேவராயர், 1509 முதல் 1529 வரை. தில்லை வடக்குக் கோபுரத் திருப்பணி அவருடையது. அந்தக் கோபுரத்து மாடத்திலே ராயர் சிலை இருக்கிறது. அதே கோபுரத்திலே வேலை செய்த சிற்பிகளின் உருவங்களும் இருக்கு. அரசனுக்கும் இடம், உளி பிடித்தவனுக்கும் இடம். ஆனா அதே தில்லையிலேதான் நந்தனாரும் வெளியே நின்றார் என்பதை மறந்துவிட்டுக் கோபுரத்தின் உயரத்தை மட்டும் அளக்க முடியுமா? வெளியே ஒரு பக்தன் நிற்கிற வரைக்கும் எந்தக் கோபுரமும் சுமைதான்! (பலத்த கைதட்டல்)

இதுக்குத் தீர்ப்பை நம்ம முன்னோர் எண்ணூறு வருஷத்துக்கும் முன்னாலேயே எழுதி வச்சுட்டாங்க. சேக்கிழாரின் பெரியபுராணம் அரங்கேறியது எங்கே? சிதம்பரம் ஆயிரங்கால் மண்டபத்திலே என்பார்கள். அதிலே பூசலார் என்று ஒரு நாயனார். திருநின்றவூர்க்காரர். கோயில் கட்ட ஆசை, கையிலே காசில்லை. மனசுக்குள்ளேயே கல் அடுக்கி, கோபுரம் எழுப்பி, குளம் வெட்டிக் குடமுழுக்குக்கு நாள் குறித்தார். அதே நாளிலே காஞ்சியிலே பல்லவ மன்னன் கட்டிய கற்கோயிலுக்கும் குடமுழுக்கு. சிவபெருமான் கனவிலே வந்து அரசனிடம், “அன்றைக்கு நான் பூசலார் கோயிலுக்குப் போகணும், நீ வேற நாள் பார்த்துக்கோ” என்றார்.

இதிலே ஒரு நுட்பம் இருக்கு நடுவர் அவர்களே. சாமி “கற்கோயிலைக் கட்டாதே” என்று சொல்லலை. “உன் கோயிலுக்கு அப்புறம் வர்றேன்” என்றார். அவ்வளவுதான்! மனசு முதலிலே, மண்டபம் அப்புறம். அந்த வரிசை மாறினாத்தான் ஆலயம் சுமையாகிறது. ரோமாபுரியிலே மாறியது அந்த வரிசைதான். இதே கணக்கு அங்கேயும் பொருந்தும், இங்கேயும் பொருந்தும், எந்தச் சமயத்துக்கும் பொருந்தும்.

(நடுவர் மணி அடிக்கிறார்)

மணி அடிச்சாச்சு, முடிச்சுடறேன் அய்யா. மாசி மகத்தன்று ஸ்ரீமுஷ்ணம் பூவராகசாமி தன் கோபுரத்தை விட்டு இறங்கி எங்க கிள்ளைக்குத் தீர்த்தவாரிக்கு வருகிறார். வருகிற வழியிலே தைக்காலில் எங்க முஸ்லிம் சகோதரர்கள் மரியாதை செய்து வரவேற்கிறாங்க. அங்கே குவிமாடம் கிடையாது, மைக்கேல் ஏஞ்சலோ கிடையாது. சீட்டு விற்க யாரும் வரலை. ஒரு சாமி நடந்து வருது, இன்னொரு சமயத்து மனுஷன் எழுந்து நிற்கிறான். இந்தக் காட்சிதான் சமயத்துக்குப் பெருமை. மற்றதெல்லாம் கல். கல்லுக்கு எடை உண்டு நடுவர் அவர்களே. எடை இருந்தா அது சுமைதானே!

ரோமாபுரி ஓவியத்துக்குக் கை தட்டுங்க. வேண்டாம் என்று சொல்லலை. அது கலைக்குக் கிடைத்த பெருமை. ஆனா நம்ம தலைப்பு கலை இல்லை, சமயம். சமயத்துக்குக் கிடைத்தது சுமையே, சுமையே என்று தீர்ப்பு வழங்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

(நீண்ட கைதட்டல்)